கேரெஸுக்கு மகள் பிறந்த விருந்து

பெரூலா என்கிற மலையூரில் அந்தக் காலத்தில் தெய்வங்களுக்கு முகம் கிடையாது. பெயர் உண்டு, வேலை உண்டு, வேலைக்குக் கூலியாகப் பாலும் தேனும் பன்றிக் கொழுப்பும் உண்டு; ஆனால் இன்னாருக்கு இன்னார் மனைவி, இன்னார் யாருடைய பிள்ளை, யாருக்கு யாரோடு ஆகாது என்கிற பேச்சே கிடையாது. உலையில் எரிகிறவன் வல்கன், கதவு திறக்கும்போதும் மூடும்போதும் அங்கே நிற்கிறவன் யானுஸ், காய்கறித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவள் வீனஸ், விதைத்த கோதுமையை மண்ணுக்கு மேலே தள்ளிவிடுகிறவள் கேரெஸ், அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் தெய்வத்தோடு பேசுவதும் சந்தையில் பேசுவதும் ஒன்றுபோலவே இருக்கும்: நான் இதைத் தருகிறேன், நீ அதைத் தா. ஊரின் சடங்குகளை நடத்திவைத்த நுமேரியஸ் வேண்டுதலில் ஒரு சொல் பிசகினாலும் முதலிலிருந்து தொடங்குவாரே தவிர, தெய்வத்தைப் பார்த்து ஒரு வார்த்தை நலம் விசாரித்ததில்லை. யாரும் விசாரித்ததில்லை.

அந்த ஊருக்கு ஒரு கோடையில் கொள்ளைக் காய்ச்சல் வந்தது. முதலில் மாடுகள் விழுந்தன, பிறகு மாடு மேய்த்தவர்கள், பிறகு மாட்டையே பார்த்திராதவர்கள். ஊருக்கெல்லாம் ரொட்டி சுட்டுக் கொடுத்த விபியாவின் ஒரே மகள் பௌல்லா, கல்யாணம் நிச்சயமாகி முக்காட்டுத் துணிக்கு மஞ்சள் சாயம்கூடப் போட்டாகிவிட்ட பெண், அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் ரோமிலிருந்து கழுதை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவன் சொன்னான், அங்கேயும் இதே காய்ச்சல்தான், ஆனால் அங்கே தெருவில் கட்டில் போட்டு, மெத்தை விரித்து, தெய்வங்களை விருந்துக்கு அழைத்துவிட்டார்கள், விருந்து முடிகிறவரை யாரும் கதவைச் சாத்தக் கூடாது, யாரோடும் சண்டை போடக் கூடாது, யார் காலிலும் விலங்கு இருக்கக் கூடாது, அதுதான் முறை என்று. வேறு வழி தெரியாத பெரூலா அன்றைக்கே கட்டில்களைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தது.

கொல்லர் பப்பியஸ் வல்கனுக்குக் கட்டில் போட்டார். கோட்டை வாசலைக் காத்த குடும்பம் யானுஸுக்குப் போட்டது. முட்டைக்கோஸ் பயிரிட்ட லூகியா வீனஸுக்குப் போட்டாள். ரொட்டிக்காரி விபியா தன் வீட்டில் இருந்ததிலேயே நல்ல கட்டிலைக் கேரெஸுக்குப் போட்டு, தலை இருக்க வேண்டிய இடத்தில் கதிர்க்கட்டு ஒன்றைத் துணி சுற்றி வைத்தாள். நுமேரியஸ் தெருவின் ஒரு கோடியில் தொடங்கி மறுகோடி வரை ஒவ்வொரு கட்டிலின் முன்னாலும் நின்று பெயர் சொல்லி அழைத்தார்.

உச்சிவேளையில் தெய்வங்கள் வந்தன.

வந்ததை எல்லாரும் பார்த்தார்கள், ஏனென்றால் திண்டுகள் ஒவ்வொன்றாக அமுங்கின. தட்டில் இருந்த மீன் குறைந்தது, கிண்ணத்தில் இருந்த மது இறங்கியது, வல்கனின் மெத்தையிலிருந்து கருகல் வாடை வரவும் பப்பியஸின் மனைவி ஓடிப்போய் ஈரச் சாக்கைக் கொண்டுவந்து அடியில் செருகினாள். அழைத்த விருந்தாளிகள் வந்தால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, சமைத்தது போதுமா என்பதுதான் கவலை; அடுத்த வீட்டுத் தெய்வம் இரண்டாவது முறை மீன் வாங்கியதே, நம்முடையது ஏன் வாங்கவில்லை, உப்பு கூடிவிட்டதா என்று ஆளுக்கு ஆள் குசுகுசுத்தார்கள். அதற்குள் அந்தந்தக் கட்டிலுக்குப் பக்கத்து வீடுகளில் காய்ச்சலில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்கள். பௌல்லா அத்திப்பழம் கேட்டாள். விபியா மகளுக்குப் பழத்தை ஊட்டிவிட்டு, கை கழுவாமலேயே கேரெஸின் கட்டிலுக்கு ஓடிப்போய் இன்னொரு ரொட்டியை வைத்தாள்.

ஆனால் சாப்பாடு முடிந்ததும் என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெய்வங்கள் உட்கார்ந்திருந்தன, ஊர் நின்றுகொண்டிருந்தது, விருந்தாளியை எதிரில் வைத்துக்கொண்டு பேச்சில்லாமல் தவிக்கிற வீட்டைப் போலத் தெரு முழுவதும் தவித்தது. நுமேரியஸ் வேண்டுதலைச் சொன்னார். சொல்லி முடித்து, வேறு தெரியாததால், மறுபடியும் சொன்னார். அப்போது வல்கனின் திண்டில் இருந்த பள்ளம் மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது, அதே நேரத்தில் பப்பியஸின் வீட்டுக்குள்ளிருந்து அவருடைய தம்பி இருமுகிற சத்தம் கேட்டது. விருந்தாளி எழுந்தால் நோய் திரும்பிவிடும் என்பது அந்த ஒரு இருமலில் தெருவுக்கே விளங்கிவிட்டது.

அந்த நேரத்தில் ரொட்டிக் கூடையோடு மிர்ரினே வந்தாள். கடற்கரையோரத்தில் கூமே என்று ஒரு கிரேக்க ஊர் உண்டு, அந்த ஊர்க்காரி. ஒரு சண்டைக்குப் போன பெரூலா ஆட்கள் திரும்பி வரும் வழியில், கடலோரம் வலை உலர்த்திக்கொண்டிருந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள், பங்கு பிரித்தபோது விபியாவின் கணவர் ஒபிலியஸுக்கு அவள் விழுந்தாள். அன்றிலிருந்து ஒரு காலில் விலங்கோடு விபியாவின் மாவரைக்கும் திரிகையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். விருந்து முறைப்படி அன்று காலையில்தான் விலங்கைக் கழற்றியிருந்தார்கள், கனம் போன கால் ஒவ்வொரு அடிக்கும் தேவைக்கு மேல் உயர்ந்தது. அவள் வல்கனின் கட்டிலுக்கு முன்னால் வந்து, ரொட்டியை வைத்து, தன் ஊர் வழக்கப்படி விருந்தாளியிடம் ஒரு வார்த்தை கேட்டாள்.

"கால் எப்படி இருக்கு?"

எழும்பிய பள்ளம் அப்படியே நின்றது.

"எந்தக் கால்?" என்றார் பப்பியஸ்.

"இவருக்குக் கால் ஊனம்தானே ஐயா. குழந்தையா இருந்தப்ப அவங்க அம்மாவே மேலேருந்து தூக்கிப் போட்டுட்டாங்க. எங்க ஊர்ல இது எல்லாருக்கும் தெரியும்."

திண்டின் மேல் முதலில் ஒரு கால் தெரிந்தது, கணுக்காலில் வளைந்த கால். பிறகு இன்னொன்று. பிறகு கரி படிந்த இரண்டு கைகள், பொசுங்கிய தாடி, தாடிக்கு மேலே தன்னைப் பற்றி முதன்முதலாக ஒரு சேதி கேட்கிறவனின் முகம்.

"மேலேருந்துன்னா எங்கேருந்து?" என்று கேட்டான் வல்கன். துருத்தி ஊதுகிற மாதிரிக் குரல்.

"வானத்துலேருந்து. காலையில விழுந்தீங்க, பொழுது சாயறப்பதான் தரையைத் தொட்டீங்க."

வல்கன் தன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவ்வளவு தூரம் விழுந்த கால் என்பதில் அவனுக்கு ஒரு திருப்தி இருந்தது. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு இன்னொரு ரொட்டி கேட்டான். உள்ளே இருமல் நின்றது.

அதற்கப்புறம் பெரூலாவுக்குப் பித்துப் பிடித்தது. எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு வா, எங்கள் கட்டிலுக்கு முதலில் வா என்று மிர்ரினேயைக் கையைப் பிடித்து இழுத்தார்கள், இழுத்தவர்களை அடுத்தவர்கள் இழுத்தார்கள், சண்டை போடக் கூடாது என்பதால் எல்லாரும் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். முட்டைக்கோஸ் தோட்டத்து வீனஸ் கடல் நுரையிலிருந்து பிறந்தவள், அவளைப் போல அழகி மேலேயும் இல்லை கீழேயும் இல்லை என்று மிர்ரினே சொல்லச் சொல்ல, அந்தக் கட்டிலின் மேல் உப்பு வாசனையும் ஈரக் கூந்தலும் வந்தன, லூகியா பெருமை தாங்காமல் தோட்டத்தில் இருந்த அத்தனை முட்டைக்கோஸையும் பறித்துக் கொட்டினாள். அந்த அழகிக்கு நொண்டி வல்கன்தான் புருஷன் என்று அடுத்த மூச்சில் மிர்ரினே சொல்லவும், லூகியா வீடும் பப்பியஸ் வீடும் ஒரே நொடியில் சம்பந்திகள் ஆகி, சீர் எங்கே, மரியாதை எங்கே என்று இனிக்க இனிக்கப் பேசத் தொடங்கிவிட்டார்கள். யானுஸின் முன்னால் வந்தபோது மட்டும் அவள் தயங்கினாள்.

"இவர் எங்க ஊர்ல இல்லை. எனக்குத் தெரிஞ்ச எந்த ஊர்லயும் இல்லை."

வாசல் காக்கும் குடும்பத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் திண்டின் மேல் தானாகவே இரண்டு முகங்கள் வந்தன, ஒன்று தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தது, மற்றது அந்தக் கோடியைப் பார்த்தது, இரண்டும் சிரித்தன. அதிலிருந்து, எங்களுடையவர் அடுத்த ஊரில் கதையைக் கடன் கேட்டுப் போகாதவர் என்று அவர்களும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள்.

ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தபோது நுமேரியஸ் மட்டும் விபியாவின் அருகில் வந்து நின்றார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா," என்றார். "பேரு மட்டும் இருந்தப்ப இவங்க சொன்ன வேலையைச் செஞ்சாங்க. கதைன்னு ஒண்ணு வந்துட்டா கோபம் வரும், ஆசை வரும். அப்புறம் என் வேண்டுதலை யார் கேப்பாங்க?"

விபியா அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. தெருவில் இருக்கிற எல்லாருக்கும் முகம் வந்துவிட்டது, கேரெஸ் ஒருத்திதான் கதிர்க்கட்டாகவே உட்கார்ந்திருந்தாள், அவளுடைய பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் குறைந்துகொண்டு வந்தது. மிர்ரினே மற்ற எல்லாக் கட்டிலுக்கும் போனாள், சொந்த வீட்டுக் கட்டிலுக்கு மட்டும் வராமல் சுற்றிச் சுற்றிப் போனாள்.

"ஏண்டி, எங்க வீட்டுத் தெய்வத்துக்கு மட்டும் உன் வாயில கதை இல்லையா?"

"இருக்கும்மா. அதைக் கேக்காதீங்க."

"பௌல்லா முகத்தைப் பாரு. மறுபடியும் வெளுக்குது. இவங்க எழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

மிர்ரினே பௌல்லாவைப் பார்த்தாள். திரிகை சுற்றிக் கை புண்ணான நாட்களில் ஆலிவ் எண்ணெய் தடவிவிட்ட பெண் அவள். பிறகு கேரெஸின் எதிரில் தரையில் உட்கார்ந்து, இடுப்பில் கூடையை வைத்தபடியே சொன்னாள்.

"உங்களுக்கு ஒரு மக இருக்கா. பெர்செஃபோனேன்னு பேரு. புல்வெளியில பூப் பறிச்சுக்கிட்டு இருந்தா. பூமி பிளந்து ஒரு ரதம் வந்துச்சு. அதுல வந்தவன் அவளை இடுப்போட சேர்த்துத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். அவ கத்தினா. யாருக்கும் கேக்கல."

கதிர்க்கட்டு நிமிர்ந்தது. நடுவயதுப் பெண்ணொருத்தியின் முகம், வெயிலில் பழுத்த நெற்றி, உலர்ந்த உதடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, கடைசியாகக் கண்கள் வந்தன. அந்தக் கண்கள் வந்ததுமே தெருவை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தேடின.

"எங்கே?" என்றாள் கேரெஸ்.

கேரெஸ் கட்டிலை விட்டு எழுந்தாள். செருப்பில்லாமல் தெருவில் இறங்கி, முதல் வீட்டுக்குள் நுழைந்து தொட்டியைத் திறந்து பார்த்தாள், அடுத்த வீட்டில் வைக்கோலைக் கிளறினாள், கதவெல்லாம் திறந்திருந்ததால் அவளை யாரும் தடுக்கவில்லை. பிறகு மலைச்சரிவில் இறங்கி வயல் வயலாகத் தேடினாள், அவள் விலக்கிப் பார்த்த பக்கமெல்லாம் கதிர்கள் தலை தொங்கின. விபியா பிசைந்து வைத்த மாவு பொங்காமல் களிமண்ணைப் போலக் கிடந்தது. எல்லாருடைய மாவும் அப்படித்தான் கிடந்தது. ரொட்டி இல்லாவிட்டால் விருந்து இல்லை, விருந்து இல்லாவிட்டால் மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள். பௌல்லா மறுபடியும் சுருண்டு படுத்துவிட்டாள்.

ஆகவே பெரூலா முழுவதும், நேற்று வரைக்கும் இல்லாத ஒரு பெண்ணைத் தேடக் கிளம்பியது. கிணறுகளில் கொக்கி விட்டார்கள், நரிவளைகளில் புகை போட்டார்கள், ஓடைக்கரையில் பூக்கள் இருந்த இடத்தையெல்லாம் மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தார்கள். பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. பெர்செபோ என்று ஒரு பக்கம் கத்தினார்கள், ப்ரொசெப்னா என்று இன்னொரு பக்கம் கத்தினார்கள், கத்திக் கத்தித் தேய்ந்து ஒருவழியாக ப்ரொசெர்பினா என்று நின்றது, இனி அதுதான் அவள் பெயர் என்று ஆகிவிட்டது. ஆளைத்தான் காணோம்.

நுமேரியஸ் மிர்ரினேயைத் திரிகைக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தார். விபியாவும் ஒபிலியஸும் அங்கே இருந்தார்கள். போர்க்களத்தில் உரக்கப் பேசிப் பழகிய ஒபிலியஸ் அன்றைக்கு வாயைத் திறக்காமல் சுவரில் சாய்ந்து நின்றார்.

"மாத்திச் சொல்லு," என்றார் நுமேரியஸ். "கிடைச்சுட்டான்னு சொல்லு. உங்க ஊர்க் கதையில கிடைக்கவே இல்லையா?"

"கிடைச்சா ஐயா. திருப்பிக் கொடுக்கச் சொல்லி மேலேருந்து உத்தரவு வரும், அவ அம்மாகிட்ட வந்துடுவா."

"அதைப் போய்ச் சொல்லு, போ."

"சொல்லிப் பார்த்தேன். வயல்ல அவங்க பின்னாடியே போய்ச் சொல்லிப் பார்த்தேன். வாயைத் திறந்தா காத்துதான் வருது." மிர்ரினே கைகளைப் பிசைந்தாள். "தூக்கிக்கிட்டுப் போறது எப்படின்னு எனக்குத் தெரியும், அதனால அது நடந்துச்சு. திரும்பி வர்றது எப்படின்னு நான் பார்த்ததில்ல."

விபியா தன் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. பிறகு எழுந்து, முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கணவரிடம் சொன்னாள்.

"வண்டியில கோவேறு கழுதையைப் பூட்டுங்க. இவளை இவ ஊர்ல கொண்டுபோய் விடணும்."

"சண்டையில கிடைச்சவ விபியா. என் பங்கு."

"சரி. வெளிய களத்துல அந்தம்மா நிக்கறாங்க. என் பொண்ணை யாரு வச்சிருக்காங்கன்னு கேட்டா, என் பங்குன்னு நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

ஒபிலியஸ் வாசல் வழியாகக் களத்தைப் பார்த்தார். கேரெஸ் வைக்கோற்போரின் பக்கத்தில் நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"திரிகையை யார் சுத்தறது?"

"நீங்க சுத்துங்க."

அவர் போய் வண்டியைப் பூட்டினார். பூட்டும்போது சேணத்து வாரை இரண்டு முறை தப்பாக மாட்டினார், மிர்ரினேதான் சரிசெய்தாள். பௌல்லாவைத் தூக்கி வண்டியில் கிடத்தியவரும் அவர்தான்.

விபியா ஓட்டினாள். மிர்ரினே பௌல்லாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால், கூப்பிடு தூரத்தில், கேரெஸ் நடந்து வந்தாள். ஒவ்வொரு வேலிக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள், வழியில் தண்ணீர் எடுக்க வந்த பெண்களை நிறுத்தி முகத்தைத் திருப்பிப் பார்த்து நீயா என்று கேட்டாள், அவர்கள் பயப்படாமல் இல்லையம்மா என்று சொல்லிவிட்டு, அவள் போன பிறகு தங்கள் மகள்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். அவள் பின்தங்கும்போதெல்லாம் விபியா வண்டியை நிறுத்திக் காத்திருந்தாள். மலை இறங்கிச் சதுப்பு கடந்து காற்றில் உப்பு தெரிந்ததும் மிர்ரினே வண்டியில் எழுந்து நின்றுவிட்டாள். உட்காருடி, விழுந்துவிடப் போகிறாய் என்று விபியா சொல்லியும் உட்காரவில்லை.

கூமேயின் கடற்கரையில், கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். மிர்ரினேயின் அம்மா தெயானோ. வண்டிச் சத்தம் கேட்டுத் தலை நிமிர்ந்தவள், இறங்கி ஓடிவருகிறவளைப் பார்த்தாள், பார்த்தும் எழுந்திருக்கவில்லை, கை மட்டும் நின்றுவிட்டது. மகள் வந்து எதிரில் மண்டியிட்ட பிறகுதான் கையை நீட்டி, அடிமைகளுக்கு வெட்டுவது போலக் கழுத்தோடு வெட்டியிருந்த தலைமுடியைத் தடவினாள்.

"இவ்வளவு முடியையும் யாரு வெட்டினது?"

"வளந்துடும்மா," என்றாள் மிர்ரினே.

வெட்டியது விபியாதான். அவள் வண்டியிலிருந்து இறங்காமல், கடிவாளத்தைப் பிடித்தபடி, கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து தெயானோ முகத்தைத் துடைத்துக்கொண்டு, மணல்மேட்டில் தனியாக நின்ற பெண்ணைக் கவனித்தாள்.

"அது யாரு?"

"அவங்களும் மகளைத் தேடறாங்க," என்றாள் விபியா.

தெயானோ எழுந்து நேராக மணல்மேட்டுக்குப் போனாள், கேரெஸின் முழங்கையைப் பற்றினாள். "வாங்க. நிக்காதீங்க, வந்து உக்காருங்க. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ராத்திரியில படுத்தா படகுச் சத்தம் எல்லாம் அவ வர்ற சத்தம் மாதிரியே இருக்கும்." அப்படி ஒருவர் தன் கையைப் பிடித்துக் கேரெஸுக்குப் பழக்கமில்லை. கூடவே வந்து, படகின் முதுகில் உட்கார்ந்தாள்.

மிர்ரினே தன் அம்மாவைப் பார்த்தாள், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். சொல் வந்தது.

"அப்புறம் அவனுக்கு உத்தரவு வந்துச்சு. அவ இருந்த இடத்துல வழி திறந்துச்சு. இருட்டுல இருந்து வந்ததால முதல்ல கண்ணு கூசிச்சு. அவ கையை நெத்தியில வச்சுக்கிட்டு, எந்தப் பக்கம்னு பார்த்தா. அம்மா உக்காந்திருந்தது தெரிஞ்சுச்சு. அவ வந்துட்டா."

கடற்கரையின் வடக்குக் கோடியிலிருந்து ஒரு பெண், நெற்றியில் கையை வைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஈர மணலில் நடந்து வந்தாள். கூமேக்காரர்கள் யாருக்கும் அவளைத் தெரியாது. ஆனால் அந்த நெற்றி கேரெஸின் நெற்றி, அந்த வாய் கேரெஸின் வாய். கேரெஸ் ஓடவில்லை. படகிலிருந்து எழுந்து நின்று, ஒருநாளும் பிள்ளையைத் தூக்கியிராத இரண்டு கைகளையும் எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் முன்னால் நீட்டினாள், அந்தப் பெண் வந்து அந்தக் கைகளுக்குள் சரியாகப் பொருந்தினாள். வண்டிக்குள் பௌல்லா எழுந்து உட்கார்ந்து, இங்கே மீன் வறுக்கிற வாசனை வருகிறதே என்றாள். விபியா வண்டியின் மேலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மிர்ரினேயை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டுத் திரும்பும்போது வண்டியில் நான்கு பேர் இருந்தார்கள், அதில் தெய்வங்களான இரண்டு பேருக்கு எடையில்லாததால் கழுதை சுலபமாக மலை ஏறியது. வழியெல்லாம் தொங்கிய கதிர்கள் சரசரவென்று நிமிர்ந்தன. ப்ரொசெர்பினா வருகிறாள், ப்ரொசெர்பினா வருகிறாள் என்று வாசல் காப்பவர்கள் கத்திய கத்தலில் ஊரே தெருவுக்கு வந்தது. மாவு பாத்திரத்தை விட்டு வழிந்து தரையில் இறங்கியது, திரிகைக்குப் பக்கத்தில் வியர்த்துக் கொட்டிக்கொண்டு ஒபிலியஸ் நின்றார். அன்றைக்கு நடந்த விருந்தைப் போல அதற்கு முன்னும் பின்னும் நடக்கவில்லை. நுமேரியஸே கேரெஸின் அருகில் போய், வேண்டுதல் எதுவும் சொல்லாமல், பயணம் சௌகரியமாக இருந்ததா என்று கேட்டார்.

விருந்து முடிந்து தெய்வங்கள் தங்கள் முகங்களோடும் உறவுகளோடும் எழுந்து போனபோது நோய் திரும்பவில்லை. கழற்றிய விலங்குகளை மறுபடி மாட்டலாமா என்று யாரோ கேட்டார்கள்; கூடவே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போன தெய்வங்கள் அந்தக் கால்களையெல்லாம் விலங்கில்லாமல் பார்த்துவிட்டனவே என்று நுமேரியஸ் சொல்லவும், கேட்டவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். ஒபிலியஸ் ஒரு கழுதையைப் பழக்கித் திரிகையில் கட்டுகிற வரைக்கும் தாமே சுற்றினார்.

பல வருஷங்களுக்குப் பிறகு, பௌல்லாவின் பிள்ளைகள் ரொட்டிக்கடையில் ஓடித் திரிந்த காலத்தில், ஒரு கிரேக்க எண்ணெய் வியாபாரி குளிருக்கு ஒதுங்கி அடுப்படிக்கு வந்தார். விபியா கதையை அவருக்குச் சொன்னாள், வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வதுதான். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

"எல்லாம் சரிதான் அம்மா. ஒண்ணை விட்டுட்டீங்க. கீழ பாதாளத்துல இருந்தப்ப அவ மாதுளம் முத்து கொஞ்சம் தின்னுட்டா. அங்க தின்னவங்க அங்கேயே திரும்பிப் போகணும். வருஷத்துல கொஞ்ச காலம் தூக்கிக்கிட்டுப் போனவனோட இருக்கணும், அப்பல்லாம் பூமியில எதுவும் முளைக்காது. உங்ககிட்ட சொன்னவங்க அதைச் சொல்லலையா?"

விபியா அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்தாள். மிர்ரினே சொல்லவில்லை. கடற்கரையில், தன் அம்மாவின் முன்னால், அவளால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

"உங்க ஊர்ல தின்னிருப்பா," என்றாள் விபியா. "எங்க ஊர்ல அவ ஒண்ணும் தின்னல."

வியாபாரி வாசலைக் காட்டினார். வெளியே வயல்கள் வெறுமையாகக் கிடந்தன, அவற்றின் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது.

"அப்ப இது என்ன?"

"இது வெறும் குளிர்," என்று சொல்லி, அவள் ரொட்டியைச் சூடாகப் பிட்டு அவர் கையில் வைத்தாள்.